அம்மா கொடுத்த காதடைப்பான்

'டிரம்ஸ்' வாசிப்பவனுக்குக் கைதானே முக்கியம்? காது எதற்கு?

சென்ற ஆண்டு வரை யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டியிருப்பேன். என் கைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உள்ளங்கையில் காய்ப்பு ஏறிய இடங்களை நண்பர்களிடம் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். காதைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. அது பாட்டுக்குத் தலையின் இரு புறமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டுப் போகும் வரை அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருவதில்லை.

நான் கிள்ளானில் வளர்ந்தவன். அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள்கள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா ஒரு தகர டின் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஐந்தாவது மாடியில் மூன்று அறை கொண்ட அடுக்குமாடி வீடு. இந்த வீட்டில் ஒரு 'டிரம்ஸ்' வாங்கி வைக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் தாளம் மட்டும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழ்ப்பள்ளியில் மேசைதான் என் முதல் வாத்தியம். வாய்பாடு ஒப்புவிக்கும்போது விரலால் மேசையில் தட்டிக்கொண்டே சொல்வேன். தாளம் இருந்தால் எட்டாம் வாய்பாடுகூடத் தடுக்காமல் வரும். கட்டொழுங்கு ஆசிரியர் என் விரல்களைப் பிரம்பால் தட்டியபோது அந்தத் தட்டலிலும் ஒரு தாளம் இருந்ததாக எனக்கு நினைவு. திருவிழாக் காலங்களில் கோவிலுக்கு உறுமி மேளக் குழு வந்தால் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப் போய் முன்னால் நிற்பேன். வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த முனகல் காதில் கேட்பதற்கு முன்பே வயிற்றில் கேட்கும்.

அந்தப் பள்ளியில் நடந்த இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் எங்கள் தமிழாசிரியை திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரத்தை அறிமுகப்படுத்தினார். நான் எழுந்து, "டீச்சர், கேள்வி அதிகாரத்தில் பத்துக் கேள்வி இருக்குமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "இந்தக் கேள்வி அந்தக் கேள்வி இல்லை. கேள்வி என்றால் கேட்டல். காதால் கேட்பது" என்றார். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். நோட்டில்தான் எழுதிக்கொண்டேன்.

2015-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதிவிட்டு, மறு ஆண்டு தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து அங்கே போன பலருக்கும் தெரியும், முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும் என்று. வகுப்பில் தமிழ் மாணவர்கள் ஆறு பேர்தான். மலாய் மொழியில் ஆசிரியர் சொல்வதை மனத்துக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் பாடம் அடுத்த பக்கத்திற்குப் போயிருக்கும். பேச்சில் பின்தங்கிய எனக்குப் புறப்பாட நடவடிக்கையில் ஓர் இடம் கிடைத்தது. அதுதான் 'கொம்பாங்' குழு.

கொம்பாங் என்பது மலாய்த் திருமணங்களில் மாப்பிள்ளை வரும்போது அடித்துக்கொண்டு வருவார்களே, அந்த ஒருபக்கத் தோல் வாத்தியம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்ட வேண்டும். தோல் தளர்ந்துவிட்டால் சட்டத்திற்கும் தோலுக்கும் நடுவே பிரம்புத் துண்டு ஒன்றைச் செருகி முறுக்கேற்றுவார்கள். அதன் சிறப்பு என்னவென்றால், எல்லோரும் ஒரே அடியை அடிப்பதில்லை. ஒரு கூட்டம் ஒரு தாளத்தை அடிக்கும். இன்னொரு கூட்டம் அந்தத் தாளத்தின் இடைவெளிகளில் அடிக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் சாதாரணம். சேர்த்துக் கேட்டால் முப்பது கை அடிப்பதை முந்நூறு கை அடிப்பதாக நினைக்கத் தோன்றும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மலாய் ஆசிரியர் என்னிடம் அடிக்கடி ஒன்றைச் சொல்வார்: "உன் கை என்ன அடிக்கிறது என்று உனக்குத் தெரியும். அதை ஏன் கேட்டுக்கொண்டிருக்கிறாய்? பக்கத்தில் இருப்பவன் அடிப்பதைக் கேள்." தமிழாசிரியை ஒரு மொழியில் சொன்னதை இவர் வேறொரு மொழியில் சொன்னார். இரண்டு பள்ளிகளிலும் ஒரே பாடம். இரண்டு முறையும் தேறாமல் வெளியே வந்தவன் நான்.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் படிவம் ஐந்து. எஸ்.பி.எம். தேர்வு மறு ஆண்டு பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. வீட்டில் அடைந்து கிடந்த அந்த மாதங்களில்தான் முறையாக டிரம்ஸ் கற்றுக்கொண்டேன், அதுவும் டிரம்ஸ் இல்லாமலேயே. பலகைத் துண்டின் மேல் பழைய 'மௌஸ் பேட்' ஒன்றை ஒட்டினேன். அதுதான் 'ஸ்நேர்'. இரண்டு தலையணைகள் 'டாம்'. வலது கால் அடிக்கும் 'பாஸ் டிரம்' வெறும் தரை. கைப்பேசியில் தாளக்கருவிச் செயலியை நிமிடத்திற்கு 60 தட்டு என்று வைத்துவிட்டு, யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் பயிற்சி செய்தேன். சிவமணி அவர்கள் டிரம்ஸோடு நம் நாட்டுப்புற வாத்தியங்களையும் பானை சட்டிகளையும் சேர்த்து அடிப்பதைப் பார்த்துவிட்டு, அடுக்களையில் இருந்த மைலோ டின்னையும் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டேன்.

இரவு பதினொரு மணிக்கும் 'டக் டக் டக்' என்று அடித்துக்கொண்டிருப்பேன். கீழ் வீட்டுப் பாட்டி இரண்டு முறை மேலே வந்து திட்டிவிட்டுப் போனார். அம்மா மட்டும் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் படுத்துத் தூங்குவார். 'எனக்கு வாய்த்த அம்மா இசை தெரிந்தவர்' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் வாழ்க்கை மாறியது. முதல் தவணையிலேயே ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கினோம். பாடுபவர் ஈப்போவைச் சேர்ந்த மூத்த மாணவி. நாங்கள் எல்லோரும் அவரை 'அக்கா' என்போம், மலாய் நண்பனும் சீன நண்பனும் உட்பட. கிட்டார் வாசிப்பவன் கிளந்தான்காரன். 'பாஸ்' கிட்டார் பத்து பகாட்டிலிருந்து வந்த சீன நண்பன். 'கீபோர்டு' சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன். பாட்டு தொடங்கும்போது குச்சிகளைத் தட்டி எண்ணுவது என் வேலை. தமிழ்ப் பாட்டு என்றால் 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு'. மலாய்ப் பாட்டு என்றால் 'சத்து, டுவா, தீகா, அம்பாட்'. ஒருமுறை ஆலிகேட்ஸ் குழுவின் மலாய்ப் பாடல் ஒன்றை வாசித்து முடித்தபோது, அந்தக் குழுவின் குரல்களான டேவிட் ஆறுமுகமும் 2007-இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகமும் பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் என்று சொன்னேன். கிளந்தான் நண்பன் வாயைப் பிளந்தான். "என் அம்மாவுக்குப் பிடித்த பாட்டு இது. அவரிடம் சொல்ல வேண்டும்" என்றான்.

எங்களைப் போன்றவர்களின் இசை வாழ்க்கையைப் பற்றிப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 'ஜேமிங்' அறை ஒரு மணி நேரத்திற்கு நாற்பது வெள்ளி. ஐந்து பேர் பங்கு போட்டால் தலைக்கு எட்டு வெள்ளி, அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. அதனால் இரண்டு மணி நேரத்திற்குமேல் எடுப்பதில்லை. எடுத்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நிமிடத்தையும் ஓய்வுக்கென்று வீணாக்குவதும் இல்லை. கடைவீட்டின் மாடியில், சன்னல் இல்லாத சின்ன அறை. சுவர் முழுவதும் பழைய கம்பளம் ஒட்டியிருக்கும். அங்குள்ள டிரம்ஸில் எத்தனையோ பேர் அடித்து ஸ்நேரின் தோல் பள்ளம் விழுந்து கிடக்கும். 'கிராஷ்' தட்டின் ஓரத்தில் விரிசல் இருக்கும். ஆகவே சொந்தக் குச்சியோடு இரவல் வாங்கிய ஸ்நேரையும் தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் போவேன். ஸ்நேர்ப் பெட்டியைப் பார்த்து "தம்பி, அதுல கேக்கா இருக்கு?" என்று கேட்ட பெரியவர்கள் உண்டு.

நிகழ்ச்சிகளும் அப்படித்தான். பல்கலைக்கழகக் கலை இரவு, தெரிந்தவர் வீட்டுத் திருமண விருந்து, தீபாவளிக்கு முந்திய வாரம் ஏதாவது ஒரு தாமானில் போடும் சின்ன மேடை. பணம் கொடுத்தால் ஆளுக்கு ஐம்பது வெள்ளி; கொடுக்காவிட்டால் பிரியாணி. பிரியாணியை நாங்கள் ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை. இரவு எல்லாவற்றையும் கழற்றி ஒரே காடியில் ஏற்றிவிட்டு, மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டு, எந்தப் பாட்டில் யார் தப்பு செய்தது என்று இரண்டு மணி வரை சண்டை போடுவோம். அந்தச் சண்டைக்காகவே வாசிக்கலாம். அவ்வளவு சுகம்.

சென்ற ஆண்டு நவம்பரில் கிள்ளானில் ஒரு திருமண விருந்து. மண்டபத்தின் மேடை தாழ்வான கூரைக்குக் கீழே இருந்தது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு 'ஹை-ஹாட்' தட்டுகள் இடப்பக்கம் இருக்கும். அதற்கு மேலே கிராஷ். அன்றைக்கு ஒலிபெருக்கி ஒன்றையும் என் இடப்பக்கமே வைத்திருந்தார்கள். அக்காவின் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார்கள். என் டிரம்ஸ் எனக்குக் கேட்கவில்லை. இன்னும் ஓங்கி அடித்தேன். கிட்டார் நண்பனுக்குக் கிட்டார் கேட்கவில்லை. அவனும் கூட்டினான். இப்படியே மூன்று மணி நேரம். மணமக்களின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் வந்து ஆடினார்கள். என் கைகள் பறந்தன. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய குரல் கரகரத்திருந்தது.

"தம்பி, அந்த மெல்லிசைப் பாட்டு. நீ தொடங்கின வேகம் என்னா, முடிச்ச வேகம் என்னா? மூச்சு விட எடமே இல்லை எனக்கு. நான் பாடுனது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அக்கா" என்றேன். பொய்.

அன்று இரவு படுத்தபோது இடது காதில் 'உய்ங்' என்ற ஒலி. முன்பும் ஜேமிங் முடிந்த இரவுகளில் வந்திருக்கிறது, விடிந்தால் போய்விடும். இம்முறை விடிந்தும் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியை ஒலியில்லாமல் திறந்து வைத்தால் மெல்லியதாக ஓர் ஓசை வருமே, அதுபோல. பகலில் மறந்துவிடும். இரவில் அறை அடங்கியதும் அது மட்டும் விழித்துக்கொள்ளும். விரிவுரைகளில் பின்வரிசையில் உட்காருபவன் மூன்றாம் வரிசைக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. டிரம்ஸ் அடிக்காதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனேன். இரவு அம்மாவும் நானும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி எப்போதும் 30-இல் இருக்கும். அது அம்மாவின் எண். நான் வந்து உட்கார்ந்ததும் 'சத்தத்தக் கொறைம்மா' என்று சொல்லி 18-க்குக் கொண்டுவருவேன். இது ஆண்டுக்கணக்காக நடக்கும் சச்சரவு.

அன்று அரைமணி நேரம் ஆயிற்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இன்னிக்கு 'சத்தத்தக் கொறை'ன்னு சொல்லல?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா? உய்ங்குன்னு?"

தலையாட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தம் வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பையை எடுத்து வந்தார். சின்ன பிளாஸ்டிக் உறையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு போன்ற இரண்டு காதடைப்பான்களை எடுத்தார். தொழிற்சாலையில் கொடுப்பது.

"இத அப்படியே சொருகக் கூடாது. பாத்துக்க." விரல் நுனிகளுக்கு நடுவே அதை உருட்டி உருட்டி மெல்லிய திரி போல ஆக்கினார். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் என் காது மடலை மேலே இழுத்தார். அடைப்பானை உள்ளே செலுத்தி, விரலால் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டார். "எடுத்துடாத. உள்ள போய் உப்பணும். முப்பது வரைக்கும் எண்ணு." நான் எண்ணினேன். எண்ண எண்ணத் தொலைக்காட்சியின் சத்தம் தூரமாய்ப் போனது.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். அவருடைய செவித்திறன் சோதனைத் தாள்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு இடமிருந்து வலமாக நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. ஒவ்வோர் ஆண்டுத் தாளிலும் கிணறு கொஞ்சம் ஆழமாகியிருந்தது.

"ரெண்டாயிரத்து ஆறுல வேலைக்குச் சேர்ந்தேன். மொத நாலஞ்சு வருசம் நான் இதப் போட்டதே இல்ல. போட்டா மெசின் சத்தம் சரியாத் தெரியாது. சத்தம் மாறுனாத்தான் தம்பி அச்சு ஒடையப் போவுதுன்னு தெரியும். சூப்பர்வைசருக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன். அதுல எனக்கு ஒரு பெரும." அம்மா சிரித்தார். "அப்புறந்தான் குருவிச் சத்தம் கேக்கலன்னு தெரிஞ்சுது."

எனக்கு அந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு மாதங்கள் நினைவுக்கு வந்தன. பதினொரு மணிக்கு நான் அடித்த 'டக் டக் டக்'. பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கிய அம்மா. அவர் என் இசையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது கேட்கவே இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். படிவம் இரண்டில் மதிப்பெண் அறிக்கை வாங்கும் நாள். அம்மா இரவு வேலை முடித்துவிட்டு, நீலச் சீருடையோடு நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். வகுப்பாசிரியரிடம் தமக்குத் தெரிந்த மலாயில் பேசினார். வகுப்பறையே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கப் பேசினார். பின்னால் இருந்த பையன்கள் அவர் பேசுவதுபோல் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "மெதுவாப் பேசத் தெரியாதாம்மா உங்களுக்கு?" அம்மா குழம்பிப் போய், "மெதுவாத்தானே பேசுனேன்" என்றார். சமாளிக்கிறார் என்று நினைத்தேன். அதன்பிறகு படிவம் ஐந்து முடியும் வரை அறிக்கை வாங்க அப்பா வரும் நாளைப் பார்த்துத்தான் ஆசிரியரிடம் தேதி கேட்டேன்.

அம்மா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் காதுக்கு அது மெதுவான குரல்தான்.

பல்கலைக்கழக மருந்தகத்திலிருந்து காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். சோதனையில் என் இடது காதிலும் அதே 4000 ஹெர்ட்ஸில் ஒரு சின்னப் பள்ளம். கிணறு இல்லை, இப்போதைக்கு வெறும் பள்ளம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உட்செவியில் நுண்மயிர் போன்ற உணர் செல்கள் இருக்கின்றன. பேரிரைச்சலில் அவை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அடிக்கடி கேட்கும் அந்த 'உய்ங்' ஒலிக்கு 'டின்னிடஸ்' என்று பெயர். குறையலாம், நிற்காமலும் இருக்கலாம். 'மெட்டாலிகா' குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச்சுக்கும் அது உண்டு. அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பிறகு ஒரு கணக்குச் சொன்னார். நண்பர்களே, இந்தக் கணக்கை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் அளவுள்ள சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நான்கு மணி நேரம். 91 என்றால் இரண்டு. 100 டெசிபலைத் தொட்டால் பதினைந்தே நிமிடம். சின்ன அறையில் ஓங்கி அடிக்கும் டிரம்ஸ் 100-ஐ எளிதாகத் தாண்டும். நாங்கள் எடுத்ததோ இரண்டு மணி நேரம், ஒரு நிமிடமும் வீணாக்காமல்.

தொழிற்சாலைகளுக்கு நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள் இருக்கின்றன. 85 டெசிபல்தான் அங்கேயும் எல்லை. அம்மாவுக்குச் சோதனை செய்வதும் அடைப்பான் கொடுப்பதும் அதனால்தான். ஜேமிங் அறைக்குள் வந்து அளப்பவர் யாரும் இல்லை. காதில் 'இயர்போன்' செருகிக்கொண்டு முழுச் சத்தத்தில் பாட்டுக் கேட்டபடி தூங்கிப் போகிறோமே, அந்த விடுதி அறைக்குள்ளும் யாரும் வருவதில்லை. பாதுகாப்பில்லாமல் பாட்டுக் கேட்பதால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உலகில் நூறு கோடிக்கும் அதிகமான இளையோர் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் விடுதியில் ஒரு மாடியை எடுத்துக்கொண்டாலே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அம்மாவின் ஆரஞ்சு அடைப்பானோடு முதல் ஜேமிங்குக்குப் போனபோது நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கும் தண்ணீருக்குள் மூழ்கி வாசிப்பதுபோல் இருந்தது. பஞ்சு அடைப்பான் கீச்சொலிகளைத்தான் அதிகம் குறைக்கும். ஹை-ஹாட்டும் கிராஷும் தூரத்தில் எங்கோ ஒலித்தன. என் கையின் பகட்டெல்லாம் காணாமல் போனது. ஆனால் அந்த மந்தத்திற்கு நடுவே இதுவரை நான் கவனிக்காத ஒன்று கேட்டது. சீன நண்பனின் பாஸ் கிட்டார். மூன்று ஆண்டுகளாக என் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாசித்திருக்கிறான். பாட்டின் நடுவில் நான் 'ஃபில்' அடிக்கும்போதெல்லாம் அவன் ஒரு நொடி தடுமாறி, பிறகு ஓடி வந்து என்னோடு சேர்ந்துகொள்கிறான். ஒவ்வொரு ஃபில்லிலும் வேகத்தைக் கூட்டியவன் நான்தான். துரத்தி வந்து சரி செய்தவன் அவன். ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அன்று முதல் சில மாற்றங்கள் செய்தோம். எல்லோரும் ஒலியைப் பாதியாகக் குறைத்தோம். மெலிந்த குச்சிக்கு மாறினேன். ஐம்பது நிமிடத்திற்கு ஒருமுறை அறையை விட்டு வெளியே வந்து நின்றோம். எட்டு வெள்ளி போனால் போகட்டும். மூன்று திருமணங்களில் கிடைத்த பணத்தைச் சேர்த்து, இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் அடைப்பான் வாங்கினேன். அது எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். பாட்டு பாட்டாகவே கேட்கும். ஆண்டு தொடக்கத்தில் அக்காவிடம் போய், "அன்னிக்கு நீங்க பாடுனது எனக்குக் கேக்கல" என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும் தம்பி" என்றார்.

இவ்வாண்டு கலை இரவுக்கு அம்மாவை அழைத்திருந்தேன். பல்கலைக்கழகத்திற்கு அவர் வருவது அதுதான் முதல் முறை. நல்ல சேலை உடுத்தி, கைப்பையோடு நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மேடையேறியதும் பையைத் திறந்து, ஆரஞ்சு அடைப்பான்களை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அம்மா பொருட்படுத்தவில்லை. முப்பது வரை எண்ணியிருப்பார்.

நான்கு பாட்டு வாசித்தோம். முடிந்தபின் கீழே இறங்கி ஓடினேன்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எங்க பிரஸ் மெசின் இத விடச் சத்தம்" என்றார், மண்டபத்தின் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி. பிறகு கொஞ்சம் யோசித்து, "மூணாவது பாட்டுல ஒரு எடத்துல நீ அவசரப்பட்ட, இல்ல?"

உண்மைதான். மூன்றாவது பாட்டில், இரண்டாம் சரணத்திற்கு முன்னால். என்னையும் பாஸ் நண்பனையும் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். கீச்சொலிதான் அம்மாவுக்குக் கேட்காது. பாஸ் டிரம் நன்றாகவே கேட்கும். ஓர் இயந்திரம் தாளம் மாறுவதைப் பத்தொன்பது ஆண்டுகள் கேட்டுப் பழகிய காது அது.

இதை விடுதி அறையில் இரவு ஒரு மணிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது காதில் 'உய்ங்' இருக்கிறது. பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதோடு தூங்கக் கற்றுக்கொண்டேன். இசைக்குழுவில் இருப்பவர்கள், உறுமி மேளம் அடிப்பவர்கள், கலை இரவுக்கு ஒலிபெருக்கியின் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள், இவர்களில் யாராவது இதைப் படித்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு முன் மருந்துக் கடையில் ஒரு சோடி பஞ்சு அடைப்பான் வாங்கி வையுங்கள். விலை சில வெள்ளிதான். செருகும் முறை மேலே எழுதியிருக்கிறேன். காது மடலை மேலே இழுக்க மறக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா கைப்பேசியில் அழைப்பார். கொமுட்டரில் உட்கார இடமிருக்காது. "பசியாறிட்டியா தம்பி? எங்க வந்துட்டிருக்க?" என்று அவர் கேட்பது, கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் பெட்டி முழுவதும் கேட்கும். முன்பெல்லாம் அவசரமாக அழைப்பைத் துண்டித்துவிடுவேன். இப்போது நானும் அவருக்குக் கேட்கும்படி உரக்கவே பதில் சொல்கிறேன்.

"சுபாங் ஜெயா தாண்டிட்டேம்மா! வந்து சாப்புடுறேன்!"

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.